பழைய ஷாக்கோடு ஆயிரம் கிலோமீட்டர்

ஜூன் 1, ஞாயிறு

இன்று மதியம் இரண்டு மணியிலிருந்து என் கார் நாற்பது மில்லிமீட்டர் தாழ்வாக நிற்கிறது.

காலை எட்டுக்கே உக்கடத்தில் சாதிக்கின் ஷெட்டுக்குப் போய்விட்டேன். சாதிக் பாலிடெக்னிக்கில் என் பெஞ்சில் உட்கார்ந்தவன். இந்த ஊரில் என் வண்டியைத் தொட அவனுக்கு மட்டும்தான் உரிமை. பார்சலைப் பிரித்து நான்கு சிவப்பு ஸ்பிரிங்கையும் வெளியே எடுத்து வைத்தான். அட்டைப் பெட்டிக்குள் மறுபடி கைவிட்டுத் துழாவினான்.

"ஷாக்கு எங்க?"

"ஷாக் மாத்தல. இருக்கறதே நல்லா இருக்குது."

"எத்தன ஓடியிருக்குது?"

"எழுபத்தெட்டாயிரம்."

ஸ்பேனரைக் கீழே வைத்தான். "பூபதி, ஸ்பிரிங்கு வண்டியத் தூக்கிப் புடிக்கும். வண்டி குதிக்கறப்ப அடக்கறது ஷாக்குதான். உன்னோட ஷாக்கு அந்த நீட்டு ஸ்பிரிங்குக்குன்னு கணக்குப் போட்டுச் செஞ்சது. நீ குட்டையா, கெட்டியா ஒண்ண மாட்டச் சொல்ற. கொஞ்ச நாள் தாங்கும். அப்பறம் சீல் போயிரும், எண்ணெ ஒழுகும்."

"எத்தன நாளு?"

"அத எப்படிச் சொல்றது? ஒரு மாசமும் ஆகலாம், ஒரு வருசமும் ஆகலாம்."

"அப்ப ஒரு வருசம்னே வெச்சுக்குவோம். மாட்டு."

மாட்டினான். முன்பு டயருக்கும் அதன் மேல் தகட்டுக்கும் நடுவே என் முஷ்டி நுழையும். இப்போது இரண்டு விரல்தான். சுங்கம் வளைவில் வேண்டுமென்றே கொஞ்சம் வேகமாகத் திருப்பினேன். வண்டி சாயவே இல்லை. தண்டவாளத்தில் போகிற மாதிரி போயிற்று.

'கோவை கார் நண்பர்கள்' வாட்ஸாப் குழுவில் படம் போட்டேன். நான் தொடங்கிய குழு, 612 பேர். அரை மணி நேரத்தில் நூறு கட்டைவிரல். எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றே: ஷாக் மாற்றினீர்களா அண்ணா?

ஜூன் 2, திங்கள்

ஆலை வாசலில் செக்யூரிட்டி வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "என்னங்க சார், பஞ்சரா?" என்றார். ரசனை எல்லோருக்கும் வராது.

புது மேனேஜர் இன்றிலிருந்து என்னை வாரண்டிப் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார். பன்னிரண்டு வருடம் பம்ப் சோதனைப் பிரிவைப் பார்த்தவன் நான். சலித்துத்தான் போயிருந்தது. திரும்பி வருகிற பம்புகளின் புகார்க் கடிதங்களைப் படித்துப் பதிவு செய்வது ஒன்றும் குறைந்த வேலை அல்ல. மேசை ஜன்னலோரம். அங்கிருந்து பார்த்தால் கார் தெரிகிறது.

ஜூன் 5, வியாழன்

வீட்டிலிருந்து ஆலைக்குப் பதினேழு வேகத்தடை. பதினான்கில் அடி தட்டவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

மேட்டுப்பாளையம், மாமனார் வீடு. ரேணுகா மீன்குழம்புத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பெரியநாயக்கன்பாளையம் தாண்டி ரோடு அலை அலையாக இருக்கும். அங்கே வண்டி கொஞ்சம் ஆடியது. ஒரு பள்ளத்துக்கு மூன்று ஆட்டம். குழம்பு கொஞ்சம் அவள் சேலையில்.

"ஏனுங்க, வண்டி ஏன் இப்படிக் குதிக்குது?"

"குதிக்கல. ரோடு எப்படி இருக்குதுன்னு நமக்குச் சொல்லுது. அதுக்குப் பேரு ஃபீட்பேக்."

"ரோடு எப்படி இருக்குதுன்னு கண்ணுக்கே தெரியுதே. என்ற இடுப்புக்கு வேற எதுக்குங்க சொல்லோணும்?"

சிரித்துவிட்டேன். அவளுக்கு நல்ல வாய். திரும்பும்போது அம்மா வீட்டுத் தலையணை ஒன்றை எடுத்து வந்து சீட்டில் போட்டு உட்கார்ந்தாள். இலவம்பஞ்சு. நல்ல தலையணைதான்.

ஜூன் 14, சனி

குழுவில் இன்று பெரிய விவாதம். ஸ்பிரிங் மட்டும் போதுமா, ஷாக்கும் சேர்த்து மாற்ற வேண்டுமா? ஆளாளுக்கு எங்கிருந்தோ எடுத்து ஒட்டுகிறார்கள். யாரும் ஓட்டிப் பார்த்தவர்கள் இல்லை. நான் இரண்டே வரி எழுதினேன்: 'ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டுச் சொல்கிறேன். அதுவரை பொறுங்கள்.' சத்தம் அடங்கிவிட்டது. இன்று 640 பேர்.

வாரண்டிப் பிரிவில் என் பேச்சைக் கேட்க இரண்டு பேர் இருக்கிறார்கள். அதில் ஒருவருக்குக் காது மந்தம்.

ஜூன் 19, வியாழன்

லீவு போட்டுவிட்டு வண்டி கழுவினேன். பின்பக்கம் இடது ஷாக்கின் மேல் எண்ணெய்ப் பிசுக்கில் புழுதி அப்பியிருந்தது. துடைத்தேன். கிரீஸாக இருக்கும், சாதிக் மாட்டும்போது பட்டிருக்கும். துடைத்த துணியை வெளியே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டேன். சமையலறைத் துணியை எடுத்தேன் என்று தெரிந்தால் ரேணுகா சண்டைக்கு வருவாள்.

ஜூன் 20, வெள்ளி

மறுபடி ஈரம். கொஞ்சம்தான்.

ஜூன் 21, சனி

ஆயிரத்து நாற்பது கிலோமீட்டர். சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். நான்கு நிமிட வாய்ஸ் நோட். மொட்டை மாடியில் நின்று பதிவு செய்தேன். முதல் இரண்டு தடவை ஓரிடத்தில் குரல் தடுக்கியது. மூன்றாவது தடவை சுத்தமாக வந்தது.

'நண்பர்களே, பழைய ஷாக்கே தாராளமாப் போதும். நான் ஓட்டிட்டுச் சொல்றேன். வளைவுல புலி மாதிரி நிக்குது. ஒரு சொட்டு லீக் கிடையாது. ஷாக் மாத்தணும்னு சொல்றவங்க எல்லாம் ஷாக் விக்கறவங்க.'

கடைசி வரிக்கு நல்ல வரவேற்பு. பொள்ளாச்சி, தாராபுரம், உடுமலை என்று எங்கெல்லாமோ அனுப்பியிருக்கிறார்கள். என் குரல் கம்பீரமாக இருப்பதாக ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான்.

ஜூன் 27, வெள்ளி

உடுமலைப்பேட்டையிலிருந்து முத்துசெல்வம் என்று ஒரு தம்பி தனியாக எழுதினான். தென்னைநார் ஆலையில் சூப்பர்வைசர். என் ஸ்பிரிங்கையே வாங்கிவிட்டானாம். 'அண்ணா, வண்டி ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ஓடிருச்சு. மெக்கானிக் ஷாக் மாத்தாம மாட்டமாட்டேங்கறாரு. உங்க வாய்ஸ் நோட் கேட்டேன். இருந்தாலும் ஒரு வார்த்தை நேரா கேட்டுக்கலாம்னு. பழைய ஷாக்கோடயே மாட்டலாங்களா?'

பத்து நிமிடம் போனைக் கையில் வைத்திருந்தேன். சாம்பார் தீய்ந்துவிடும் போலிருந்ததால் எழுந்து போய் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தேன்.

'மாட்டுங்க தம்பி. ஒண்ணும் ஆகாது' என்று போட்டேன்.

ஜூன் 29, ஞாயிறு

முன் டயர் உள்பக்கமாகத் தேய்கிறது. அலைன்மென்ட் பார்க்க சாதிக்கிடம் போனேன். வண்டியை லிஃப்டில் ஏற்றியதும் என்னைக் கீழே கூப்பிட்டான்.

"கையக் குடு." என் விரலைப் பிடித்துப் பின்பக்க ஷாக்கின் மேல் தேய்த்தான். விரல் கறுத்து வழவழத்தது. இடது மட்டுமல்ல, வலதும். பிறகு பின் ஸ்பிரிங்கைப் பிடித்து ஆட்டினான். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது ஸ்பிரிங் அதன் இருக்கையில் உட்காராமல் கடகடவென்று ஆடியது.

"பாத்தியா? வேகமா ஒரு தடையத் தாண்டிச் சக்கரம் கீழ தொங்குச்சுன்னா இது எடம் மாறி உக்காரும். அப்ப வண்டி உன் பேச்சு கேக்காது."

"மெதுவாத்தானே ஓட்டறேன்."

"நீ மெதுவா ஓட்டுவ. அந்த வாய்ஸ் நோட்டக் கேட்டவனெல்லாம்?" அவனும் குழுவில் இருக்கிறான். இதுவரை அங்கே ஒரு வார்த்தை எழுதியதில்லை. "நீயே சொல்லிரு பூபதி. நாஞ் சொன்னா ஷாக் விக்கறவம்பாங்க."

அடுத்த வாரம் விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். இந்த மாதிரி விஷயத்தை அவசரப்பட்டு எழுதக்கூடாது, குழப்பம்தான் வரும்.

வீட்டுக்கு வந்தபோது குழுவில் முத்துசெல்வம் படம் போட்டிருந்தான். வெள்ளைக் கார், தாழ்வாக, அழகாக. பக்கத்தில் அவன் தங்கை, விளையாட்டு உடையில், பானட்டில் கைவைத்துச் சிரித்துக்கொண்டு. 'பூபதி அண்ணா ஆசீர்வாதம்' என்று எழுதியிருந்தான்.

கட்டைவிரல் போட்டேன்.

ஜூலை 4, வெள்ளி

ரேணுகா இந்த வாரம் முழுக்க, தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி லேபுக்கு ஸ்கூட்டரில்தான் போனாள். பெட்ரோல் மிச்சம் என்கிறாள். நானும் ஒன்றும் கேட்கவில்லை.

விரிவாக எழுத இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

ஜூலை 9, புதன்

காலை பத்தரை மணி. ஆலையில் இருந்தேன். குழுவில் ஒரு படம். வெள்ளைக் கார், மூக்கு வாய்க்காலுக்குள், வால் மேலே. பின்னால் தென்னைமரங்கள். நேற்று காலை, பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் நடுவே ஒரு வளைவு. தூறல். ரோட்டில் வரிசையாக மேடு பள்ளம். முதல் பள்ளத்தில் துள்ளிய வண்டி அடங்காமல் இரண்டு, மூன்று என்று துள்ளியதாம். மூன்றாவதில் பின்பக்கம் ரோட்டை விட்டு விலகிவிட்டது.

முத்துசெல்வத்துக்குத் தோள் எலும்பு முறிவு. பின்சீட்டில் இருந்த தங்கை மோகனப்பிரியாவுக்கு முதுகெலும்பில்.

ஒரு கடிதமும் இன்று பதிவு செய்யவில்லை.

ஜூலை 10, வியாழன்

ஈர ரோடு. வேகமாகப் போயிருப்பான். டயர் மொட்டையாக இருந்திருக்கும். வாய்க்காலுக்குத் தடுப்புச் சுவர் இல்லாதது யார் தப்பு? குழுவிலும் அதைத்தான் சொல்கிறார்கள். 'பூபதி அண்ணன் வண்டி நல்லாத்தானே ஓடுது? ஓட்டத் தெரியாதவனுக்கு எதைப் போட்டு என்ன?' என்று ஒருவர். அதற்கு முப்பது கட்டைவிரல். நான் போடவில்லை.

சாப்பிடும்போது ரேணுகா கேட்டாள். "அந்தப் பொண்ணு எப்படி இருக்குதாம்?"

"எந்தப் பொண்ணு?"

"குப்பைத் தொட்டில கெடந்த துணிய எடுத்து மூணு தடவ சோப்புப் போட்டனுங்க. எண்ணெ போகல. அன்னைக்கே கேட்டிருக்கோணும், கேக்கல. என்ற மேலயும் தப்பு இருக்குது." தட்டில் ரசம் ஊற்றினாள். "போய்ப் பாத்துட்டு வாங்க."

ஜூலை 12, சனி

உடுமலைக்குப் பஸ்ஸில் போனேன். ஆஸ்பத்திரியில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.

முதல் மாடி, கடைசி அறை. முத்துசெல்வம் கையைக் கழுத்தில் மாட்டிய தூளியில் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நல்ல கையால் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அண்ணா! இவ்வளவு தூரம் வந்தீங்களா? உக்காருங்க. மோகனா, பூபதி அண்ணா வந்திருக்காங்க பாரு."

அந்தப் பெண் அசையாமல் மல்லாந்து படுத்திருந்தாள். இடுப்பைச் சுற்றிப் பட்டை பெல்ட். இருபத்திரண்டு வயது. எழுத்துத் தேர்வில் தேறி, சப் இன்ஸ்பெக்டர் வேலைக்கான உடல்திறன் தேர்வுக்குக் காத்திருந்தவள். நானூறு மீட்டர் ஓட்டம், நீளம் தாண்டுதல். தேதி ஆகஸ்ட் மூன்றாம் வாரம். விபத்தன்று பொள்ளாச்சி மைதானத்தில் பயிற்சி முடிந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் ஆறு வாரம் படுக்கை என்று சொல்லிவிட்டார்.

"எல்லாம் நாஞ் சரியா ஓட்டாததுங்ணா," என்றார் முத்துசெல்வம். "நீங்க மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க."

"நீ சரியாத்தான் ஓட்டுன," என்றாள் மோகனா, கூரையைப் பார்த்தபடியே. பிறகு என்னிடம்: "உங்க வாய்ஸ் நோட்ட நாந்தாங்ணா இவனுக்குப் போட்டுக் காட்டுனேன். மெக்கானிக் பேச்சக் கேட்டுட்டு இவன் வேண்டாம்னுதான் இருந்தான். 'ஒரு சொட்டு லீக் இல்லைன்னு அவ்வளவு தெளிவாச் சொல்றாரு, நீ எதுக்குடா பயப்படற'ன்னு கேலி பண்ணுனேன். வண்டி அழகா இருக்கோணும்னு ஆசப்பட்டது நானு. ராத்திரியெல்லாம் அதேதான் நெனப்பு."

அந்த நேரத்தில் நான் எழுந்து வந்திருக்கலாம். பழப்பையைக் கட்டில் ஓரம் வைத்துவிட்டு, 'தைரியமா இரும்மா' என்று சொல்லிவிட்டு வந்திருந்தால், இருவரும் கடைசி வரை என்னை நல்லவன் என்றே நினைத்திருப்பார்கள். அண்ணன் தன்னையும் தங்கை தன்னையும் திட்டிக்கொண்டு இருந்திருப்பார்கள். என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

"லீக் இருந்துச்சும்மா," என்றேன்.

அவள் கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினாள்.

"என்ற வண்டில. அந்த நோட்டுப் போடறதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடியே ஒழுகுச்சு. தொடச்சுப் போட்டுட்டு, இல்லைன்னு சொன்னேன். உங்க மேலயோ அவர் மேலயோ தப்பே இல்ல. தெரிஞ்சேதான் சொன்னேன்."



"நான் தனியாக் கேட்டனுங்களே," என்றார் முத்துசெல்வம். குரல் உயரவில்லை. "அப்ப?"

"அப்பவும் தெரியும்."

அவர் எழுந்தார். நான் கொண்டுவந்த பழப்பையை எடுத்து என் கையில் கொடுத்தார். "கெளம்புங்க," என்றார்.

வாசல் வரை போய்விட்டேன். மோகனா கூப்பிட்டாள். அவள் கண்ணோரத்திலிருந்து நீர் காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. "எதுக்குங்ணா பொய் சொன்னீங்க? உங்களுக்கு என்ன கெடைச்சுது?"

"எல்லாரும் எங்கிட்டக் கேட்டாங்க," என்றேன்.

"அப்ப எல்லார்கிட்டயும் சொல்லுங்க. எழுதாதீங்க. அதே மாதிரி உங்க கொரல்லயே சொல்லுங்க."

ஜூலை 13, ஞாயிறு

சொன்னேன். ஒரே தடவைதான் பதிவு செய்தேன். குரல் நடுவில் நின்றது, அப்படியே விட்டுவிட்டேன். எண்ணெய், துணி, லிஃப்டில் ஆடிய ஸ்பிரிங், முத்துசெல்வத்துக்குப் போட்ட பதில், எல்லாம். ஷாக் மாற்றாமல் ஸ்பிரிங் மாட்டியவர்கள் நாளைக்கே மெக்கானிக்கிடம் காட்டுங்கள் என்று முடித்தேன்.

மாலைக்குள் எண்பது பேர் விலகினார்கள். மீதிப் பேர் எழுதியதை இங்கே எழுத வேண்டாம். பதினோரு பேர், தாங்களும் அப்படித்தான் மாட்டியிருப்பதாகத் தனியாகச் சொன்னார்கள். பதினோரு பேர்! ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டுப் பேசினேன். நான்கு பேர் திட்டினார்கள். பதினோரு பேரும் வண்டியை நிறுத்துவதாகச் சொன்னார்கள்.

சாதிக் குழுவில் முதல் முறையாக எழுதினான்: தன் ஷெட் முகவரி, 'இலவசமாகப் பார்த்துச் சொல்கிறேன்.'

குழுவின் பொறுப்பை அவனிடம் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

பழைய ஸ்பிரிங், புது ஷாக் நான்கு. வண்டி மறுபடி ஒட்டகம் மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. ஷெட்டுக்கு அந்தப் பதினோரு பேரில் மூன்று பேர் வந்திருந்தார்கள். ஒருவர் என்னோடு பேசவில்லை. மற்ற இருவருக்கு ஜாக்கி பிடித்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மோகனாவோடு ரேணுகா தினமும் போனில் பேசுகிறாள் என்று இன்றுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டையெல்லாம் படித்து விளக்கிச் சொல்வாளாம். இன்று போனை என்னிடம் நீட்டினாள்.

"சனிக்கிழம கோயமுத்தூருல ஸ்கேனுங்க," என்றாள் மோகனா. "பஸ்ல அவ்வளவு நேரம் உக்கார முடியாது. எங்க வண்டிக்கு இன்சூரன்ஸ்காரங்க கைய விரிச்சுட்டாங்க, கம்பெனி ஸ்பிரிங் இல்லையாம். நீங்க கூட்டிட்டுப் போறீங்களா?"

"வர்றேம்மா."

"இருங்க. இப்ப உங்க வண்டில என்ன ஷாக்கு?"

"நாலும் புதுசு."

"போட்டோ அனுப்புங்க. நாலு சக்கரத்துக்கும்."

முற்றத்தில் ஜாக்கி போட்டு, ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றி, டார்ச் அடித்து எடுத்து அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்து, 'சரிங்க' என்று வந்தது.

ஆகஸ்ட் 23, சனி

டாக்டர் சொன்னதை முதலில் எழுதிவிடுகிறேன். எலும்பு சேர்ந்துவிட்டது. இன்னும் இரண்டு வாரத்தில் பெல்ட்டைக் கழற்றலாம். மெல்ல நடந்து, மூன்று மாதத்தில் ஓடலாம். இந்த வருடத் தேர்வு போனது போனதுதான். அடுத்த அறிவிப்பு வரும்வரை வயது இருக்கிறது என்று அவளே என்னிடம் சொன்னாள், டாக்டர் சொல்வதுபோல் கணக்காக.

காலை எட்டு மணிக்கு அவர்கள் வீட்டு வாசலில் இருந்தேன். மோகனா முன்சீட்டைக் கொஞ்சம் சாய்த்து உட்கார்ந்தாள். முத்துசெல்வம் பின்னால் ஏறினார். வணக்கம் சொன்னேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தலைக்கு மேலிருந்த பிடியை நல்ல கையால் பிடித்திருந்தார்.

அந்த வளைவு வந்தது. வாய்க்கால் கரையில் ஒரு தென்னையின் பட்டை இன்னும் உரிந்திருந்தது. முப்பதில் போனேன். மேடு பள்ளத்தில் வண்டி ஒரு தடவை ஏறி, இறங்கி, அடங்கியது. அடுத்ததிலும் அப்படியே. அடங்குகிற ஒவ்வொரு தடவையும் மோகனா தன் முட்டியின் மேல் விரலால் ஒன்று, ஒன்று என்று தட்டினாள். ரோடு நேரான பிறகும் நான் முப்பதைத் தாண்டவில்லை. பின்னால் வந்த டவுன் பஸ் ஹாரன் அடித்து முந்திப் போனது. அதற்குப் பின்னால் ஒரு டிராக்டரும்.

"அண்ணா," என்றாள் மோகனா. "டிராக்டரு முந்துது."

"பரவால்லம்மா."

"எனக்குப் பரவால்ல இல்லீங்க. பத்தரைக்கு டோக்கன். விட்டா அடுத்து செவ்வாக்கெழமதான். அறுபதுல போங்க."

கண்ணாடியில் பார்த்தேன். முத்துசெல்வம் பிடியை விட்டிருந்தார். கை மடியில் இருந்தது. அவரும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"போங்க," என்றார்.

இன்று முழுவதும் அவர் என்னிடம் பேசிய ஒரே வார்த்தை அதுதான். கியரை மாற்றி, அறுபதில் போனேன். டோக்கனுக்கு இருபது நிமிடம் முன்பே கோவையில் இருந்தோம்.